இருபது நாள் நிறுத்திய மாத்திரை

தனம்,

நலம் விசாரித்துத் தொடங்கும் கடிதம் இல்லை இது. ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லில் உன் வீட்டிலிருந்து செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கி வந்தேனே, அன்றிலிருந்து மூன்றாவது முறையாக இதை எழுதுகிறேன். முதல் இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டேன். முதலாவதில் உன்னைத் திட்டியிருந்தேன். இரண்டாவதில் டாக்டர்களைத் திட்டியிருந்தேன். இரண்டும் எனக்குச் சுலபமாக வரும் என்பது உனக்குத் தெரியும். முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். இந்த நாலு வரிக்குள் இரண்டு தடவை எழுந்துபோய் மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாயிற்று. போனில் சொல்லலாம். நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் நாலாவது வார்த்தையில் இரண்டு பேரும் கத்துவோம். அதனால் எழுதுகிறேன். நடுவில் கோபம் வந்தால் கீழே வைத்துவிட்டு, ஆறியபிறகு எடுத்துப் படி. ஆனால் வியாழக்கிழமைக்குள் படித்து முடித்துவிடு. வியாழக்கிழமை நீ என் பேரன் இனியனை அந்த டாக்டரம்மாவிடம் கூட்டிப்போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன், அங்கே நான் பேசாமல் விட்டதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. இனியனுக்கு ஆறரை வயது. மரபணுச் சோதனையின் முடிவு வந்துவிட்டது. உன் தம்பி சரவணனுக்கு இருந்த அதே தசைச்சிதைவு நோய். சோதனை எனக்குத் தேவைப்படவில்லை. தரையிலிருந்து எழும்போது தொடைமேல் கையை மாற்றி மாற்றி ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுகிறவன் மாதிரி அவன் எழுவதை இரண்டு வருஷத்துக்கு முன்பே பார்த்தேன். பார்த்துவிட்டு, பிள்ளை விளையாட்டுக்குச் செய்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டரம்மா சொன்னதை மாப்பிள்ளை ஒரு தாளில் குறித்து வைத்திருந்தார். அதை வாங்கி மூன்று முறை படித்தேன். தசையில் இன்னும் பலம் இருக்கும்போதே ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்க வேண்டும். அது நோயைக் குணப்படுத்தாது. நடக்கும் காலத்தை நீட்டும், பின்னால் மூச்சையும் இருதயத்தையும் முடிந்தவரை தாங்கிப் பிடிக்கும். போன தசை திரும்பாது, ஆகவே தாமதிக்க வேண்டாம். இதை அவர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. மூன்று மாதமாக நீ அவர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாய்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். வேடசந்தூர் மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்கக்கூடப் போகாமல் என் எதிரே உட்கார்ந்தார். "மாமா, டாக்டர் நல்லா வெவரமாத்தான் சொன்னாங்க. நான் சொன்னா இவ கேக்க மாட்டேங்கிறா. நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க" என்றார். அடுப்படியிலிருந்து உன் அம்மா பதில் சொன்னாள்: "நல்ல ஆளாப் பாத்துக் கேட்டீங்க போங்க. மாத்திர அட்டையப் பாத்தாலே பேப்பர் பேனாவத் தேடுற மனுசன். கலெக்டர் ஆபீசுல இவரு கையெழுத்தத் தெரியாத ஆளு உண்டா?" நான் உன் பக்கம் திரும்பி, "டாக்டர் சொல்றபடி செய்யி தாயி" என்றேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. "ஏம்ப்பா, இம்புட்டு வருசம் கழிச்சு டாக்டருக எல்லாம் திடீர்னு நல்லவங்களா ஆயிட்டாங்களா? என் தம்பிய அந்த மாத்திரதான் முடக்குச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? ஒரு தடவையா சொன்னீங்க? துஷ்டிக்கு வந்தவுக போனவுக அத்தன பேருகிட்டயும் சொன்னீங்க. நாலு மனுப் போட்டீங்க. இப்ப எம்புள்ளைக்கு அதையே குடுக்கச் சொல்றீங்க. நான் மாட்டேன். அந்தக் கருமத்த என் வீட்டு வாசல்படி ஏத்த மாட்டேன்."

உன் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஒன்பது வருஷமாக இருக்கிறது. மாப்பிள்ளை முகத்துக்கு எதிரே, உன் அம்மா அடுப்படியில் நிற்க, அதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கோபப்பட்டவன் மாதிரி எழுந்து வந்துவிட்டேன். கோபப்படுவது எனக்கு எப்போதும் ஒரு நல்ல மறைப்பாக இருந்திருக்கிறது. பதில் இதுதான்: சரவணனுக்கு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினார்கள், அதனால்தான் அவன் படுத்தான். நிறுத்தியவன் நான். ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது, உன் அம்மாவுக்குத் தெரியாது, உனக்குத் தெரியாது. எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். அவன் போய் மூன்று வருஷம் ஆகிறது.

இப்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எழுதியதைத் திரும்பப் படித்தேன். கிழிக்கவில்லை. மேலே சொல்கிறேன்.

உன் தம்பி நீ பிறந்து பதினோரு வருஷம் கழித்துப் பிறந்தவன். அவனுக்கு எட்டு வயதில் நோயின் பெயர் தெரிந்தபோது நீ காலேஜில் இருந்தாய். ஆஸ்பத்திரிப் பேச்சு உன் படிப்பைக் கெடுக்கக் கூடாது என்று உன்னை ஒருமுறைகூட மதுரைக்குக் கூட்டிப்போகவில்லை. நான் ஒன்பதாவதோடு நின்றவன். அதற்காக யாரிடமும் தாழ்ந்து பேசியதில்லை, இனியும் பேச மாட்டேன். பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கில அகராதி வாங்கி, மாத்திரை அட்டையோடு வரும் அந்த மடித்த தாளை வார்த்தை வார்த்தையாகப் பெயர்த்தேன். நூறு வார்த்தைக்கு மேல் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஊரில் யாருக்காவது மருந்துச் சீட்டு புரியாவிட்டால் என்னிடம்தான் வருவார்கள். அந்தப் பெருமையில் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துவிட்டது. தாளின் முன்பக்கத்தை முழுவதும் படித்தவன், பின்பக்கத்தின் பொடி எழுத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சட்டென்று நிறுத்தக் கூடாது என்பது அங்கேதான் இருந்தது. டாக்டரும் முதல் நாளே சொல்லியிருக்கிறார், எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. அன்று அவர் சொன்ன பத்து விஷயத்தில் அது ஏழாவதோ எட்டாவதோ. நான் இரண்டாவதிலேயே நின்றுவிட்டேன். இரண்டாவது, இந்த நோய்க்கு முழுத் தீர்வு இல்லை என்பது.

மாத்திரை வேலை செய்தது, தனம். இதை நீ எங்கும் கேட்டிருக்க மாட்டாய், ஏனென்றால் சொல்ல வேண்டிய ஆள் நான்தான். தொடங்கி நாலைந்து மாதத்தில் அவன் விழுவது குறைந்தது. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனான். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தானே ஏறினான். கெட்டதும் கூடவே வந்தது, அதை மறைக்க மாட்டேன். பசி என்றால் அப்படி ஒரு பசி. சோற்றுப் பானைக்குப் பக்கத்திலேயே நிற்பான். உன் அம்மா, "சோத்தக் கொறச்சு வெஞ்சனத்த அள்ளி வையி" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு பீர்க்கங்காயும் அவரையும் தட்டு நிறையப் போடுவாள். அவன் அதையும் தின்றுவிட்டு மறுபடி தட்டை நீட்டுவான். முகம் உருண்டது. கழுத்துக்குப் பின்னால் சதை வைத்தது. எதற்கெடுத்தாலும் கோபம், அடுத்த நிமிஷம் அழுகை. வகுப்பில் அவனுக்குப் "புரோட்டா மாவு" என்று பேர் வைத்தார்கள். வீட்டுக்கு வந்து அவனே சொல்லிச் சிரிப்பான்: "அப்பா, என் கன்னத்த ரெண்டா வெட்டி வித்தா பழனித் திருவிழாவுல பலூன் கடையே போட்டுரலாம்ப்பா." நாங்களும் சிரிப்போம். அவன் சிரித்ததை நம்பியது எங்கள் தப்பு.

உன் கல்யாணம் நிச்சயமானபோது அவனுக்குப் பத்து வயது. நம் பக்கத்து வழக்கப்படி மச்சினன் மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டும். மேடையில் அத்தனை பேர் பார்க்க, வீடியோக்காரன் விளக்கை முகத்தில் அடிக்க, அவன் நிற்க வேண்டும். ஒரு நாள் காலை நம் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுத்துக்கொண்டிருந்தேன். செடிகளுக்கு நடுவே மெல்ல மெல்ல வந்து வரப்பில் நின்று, "அப்பா, அக்கா கல்யாணத்துக்குள்ள என் மொகம் வத்திருமாப்பா?" என்று கேட்டான். இதைக் கேட்க வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் தனியாக நடந்து வந்திருக்கிறான். அந்த மாத்திரையைக் கொஞ்ச நாள் விட்டால் வற்றும் என்று கூடப் படிக்கிற யாரோ சொன்னார்களாம். நான் உடனே மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். டாக்டரிடம் கேட்கலாம் என்றாவது சொல்லியிருக்கலாம். எனக்குத் தோன்றியது வேறு. மல்லிகைக்கு நாம் என்ன செய்கிறோம்? கார்த்திகை முடிய தண்ணீரை நிறுத்துகிறோம். செடியைக் காயப் போட்டு, இலை உதிர விட்டு, கிளைகளைக் கவாத்து வெட்டுகிறோம். பார்ப்பவனுக்குச் செடி செத்த மாதிரி இருக்கும். பிறகு தண்ணீர் விட்டால் பழைய கிளையில் வராத பூ புதுத் தளிரில் வெடித்து வரும். நாற்பது வருஷமாக என் கை செய்கிற வேலை. தொடர்ந்து ஊட்டிக்கொண்டே இருந்தால் எந்த உயிரும் சோம்பிப்போகும், நடுவில் காயப் போட்டு எடுத்தால்தான் தெம்பு வரும் என்று என் அனுபவம் சொன்னது. "கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பாப்போம். அம்மாகிட்ட மூச்சு விடாத" என்றேன். அவனுக்கு அன்று இருந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருந்தது. மாத்திரை கொடுப்பது என் பொறுப்பு என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உன் அம்மா அட்டையை எண்ணிப் பார்ப்பவள். அவள் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டுமென்று தினமும் ஒரு மாத்திரையைப் பிரித்து வாய்க்காலில் போட்டேன். வாரம் போக முகம் கொஞ்சம் வடிந்த மாதிரி தெரிந்தது. பசி அடங்கியது. சோர்ந்து சோர்ந்து உட்கார்ந்தான். கல்யாண வீட்டு அலைச்சல் என்றேன். வயிற்றைப் பிசைகிறது என்றான். பலகாரத்தைக் குறை என்றேன். உன் கல்யாணத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு மேடைப் படியில் ஏறினான். மாப்பிள்ளை விரலில் மோதிரத்தைப் போட்டுவிட்டு, வீடியோக்காரனைப் பார்த்துத் தலையை ஆட்டி, "அண்ணே, நல்லா எடுத்தீங்களா?" என்று கேட்டான். மாப்பிள்ளைகூடச் சிரித்தார். அவன் தன் காலில் ஏறிய கடைசிப் படி அது.

மாத்திரையை நான் இன்னும் திரும்பத் தொடங்கியிருக்கவில்லை. நாலாம் நாள் காய்ச்சல் அடித்தது. வாந்தி நிற்கவில்லை. நீ மறுவீட்டு விருந்தில் இருந்தாய். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றேன். மதுரை கொண்டுபோய்ச் சேர்த்தபோது கண் செருகிக் கிடந்தான், ரத்த அழுத்தம் இறங்கிப் போயிருந்தது. வார்டில் இருந்த இளம் டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே அதுதான்: "ஸ்டீராய்டு ரெகுலரா குடுக்குறீங்களா? நடுவுல நிறுத்துனீங்களா?" பக்கத்தில் உன் அம்மா நின்றாள். உனக்குத் தெரியாமல் உன் மாமனார் வீட்டிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். நான், "ஒரு நாள்கூட விட்டதில்ல சார்" என்றேன். அந்தக் கேள்வியின் பாரம் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். பொய். அவர் கேட்ட விதத்திலேயே ஏதோ இருக்கிறது என்று புரிந்தது. புரிந்தும் சொன்னேன். இரண்டு நாள் அவர்கள் வேறு எதையெதையோ தேடினார்கள். ரத்தத்தில் கிருமியா, மூளையில் காய்ச்சலா என்று முதுகில்கூட ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அந்த ஊசிக்கு அவனை மடக்கிப் பிடித்தவர்களில் நானும் ஒருவன். இரண்டாம் நாள் சாயங்காலம் பெரிய டாக்டர் வந்தார். சீட்டைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "மாத்திரய நிறுத்தலைல்ல?" என்றார். "இல்லைங்க" என்றேன். என்னை நம்பினாரோ இல்லையோ, அதே ஸ்டீராய்டை நரம்பில் ஊசியாகப் போடச் சொன்னார். சில மணி நேரத்தில் சரவணன் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டான்.

மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடும்போது, உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை மறந்துவிடுகிறதாம். சட்டென்று நிறுத்தினால் காய்ச்சல், காயம் எதையும் தாங்க உள்ளே ஒன்றும் இருக்காது. நிறுத்த வேண்டுமென்றால் டாக்டர் சொல்லி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். இதெல்லாம் பிறகு நான் அகராதி வைத்துப் படித்தது. அவன் மூன்று வாரம் படுக்கையில் கிடந்தான். இந்த நோயில் அத்தனை நாள் காலை நீட்டிப் படுத்தால் அந்தக் கால் திரும்ப எழுவது கடினம். தூக்கி நிறுத்தினோம். இரண்டு முழங்காலும் மடிந்து என் மேல் சாய்ந்தான். நீ கல்யாண மஞ்சள் மாறாத கழுத்தோடு ஓடி வந்து, "என்னப்பா ஆச்சு?" என்று என் சட்டையைப் பிடித்தாய். அப்போதுதான் முதன்முதலாக அதைச் சொன்னேன்: "அந்த மாத்திரதான் தாயி. அதுதான் இப்படிப் பண்ணிப்போட்டுச்சு."

ஒருமுறை சொன்னபிறகு அது நிற்கவில்லை. நீ நம்பினாய், உன் அம்மா நம்பினாள், ஊர் நம்பியது. அதற்குத் தகுந்தபடி நான் நடக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் மாத்திரையைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் அடியோடு நிறுத்திவிட்டேன். தொடரச் சொன்ன டாக்டரிடம் சண்டை போட்டேன். நடக்க முடியாவிட்டாலும் கைக்கும் மூச்சுக்கும் அது உதவும் என்று அவர் சொன்னார். எனக்கு என் பேச்சைக் காப்பாற்றுவது பெரிதாக இருந்தது. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் வரிசையில் நின்றேன். நாலு மனு. ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், வார்டு எல்லாம் உண்மை. ஒரு வரி மட்டும் பொய்: மருந்து தவறாமல் கொடுக்கப்பட்டது என்ற வரி. விசாரணைக்கு வந்த அதிகாரி என் எழுத்தைப் பார்த்து, "வக்கீல் எழுதுனதா ஐயா?" என்று கேட்டார். இல்லை, நானே எழுதியது என்று நிமிர்ந்து சொன்னேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதத்தான் இரண்டு நாளாக இங்கும் அங்கும் நடந்துகொண்டிருக்கிறேன். அவனுக்குப் பதினாலு வயது இருக்கும். சக்கர நாற்காலியில் இருந்தான், விரலில் மட்டும்தான் பலம். நான் நாலாவது மனுவை எழுதிக்கொண்டிருந்தேன். "அப்பா, நான் ஒண்ணு கேக்கவா?" என்றான். "நான் மொகம் வத்தணும்னு கேட்டதாலதான இப்படி ஆச்சு? நான் கேக்காம இருந்திருந்தா நடந்துக்கிட்டு இருப்பேன்ல?" நாலு வருஷம் அதை மனதில் வைத்திருந்து கேட்டிருக்கிறான். பத்து வயதுப் பிள்ளை முகம் அழகாக இருக்க வேண்டும் என்று கேட்டான். அதில் ஒரு தப்பும் இல்லை. கேட்டதைச் செய்தவன் பெரியவன், செய்துவிட்டு மறைத்தவன் பெரியவன். "இல்லடா அப்பு, அப்பன் பண்ணுன தப்புடா" என்று சொல்ல எனக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? நான், "பேசாம படுடா, அதெல்லாம் உனக்கெதுக்கு" என்று அதட்டினேன். அதன்பிறகு அவன் அதைக் கேட்கவில்லை. பதினாறு வயதில் போகும்வரை கேட்கவில்லை. தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டே போயிருப்பான். இதற்கு எந்த ஆபீசில் மனுக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மாவுக்கும் நான் செய்தது குறைவில்லை. இந்த நோய் தாய் வழியாக மகனுக்கு வரலாம் என்று டாக்டர் சொன்னபோது, அது யார் குற்றமும் இல்லை என்றும் சேர்த்துத்தான் சொன்னார். முதல் பாதியை மட்டும் என் தங்கச்சி ஊரெல்லாம் பரப்பினாள்; நான் அவளை அடக்கவில்லை. உன்னையும் சோதித்துப் பார்க்கச் சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், பிள்ளை உண்டாகும் முன்னால். அப்போது உனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். சம்பந்தம் நின்றுவிடும் என்று பயந்து அந்தத் தாளை உன் கண்ணில் காட்டவில்லை. காட்டியிருந்தால், என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்குகிறேன். இனியன் முகம் வந்து நிற்கிறது. என்னால் அதை முடிக்க முடியவில்லை. ஆனால் தெரிந்து முடிவெடுக்கும் உரிமை உன்னுடையதாக இருந்தது, அதை நான் எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்கும் இதைச் சொல்லிவிடு. சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தக் கடிதத்தையே கொடு.

இதைப் படித்துவிட்டு நான் முழுக்க மாறிவிட்டேன் என்று நினைக்காதே. டாக்டர்கள் மேல் எனக்கு இருந்த புகார்களில் சில நியாயமானவை, அவற்றை விட மாட்டேன். பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்ட எச்சரிக்கையை விவசாயி படிக்க முடியாத மொழியில், எறும்பு எழுத்தில், தாளின் பின்பக்கத்தில் அச்சடிப்பது அநியாயம். மூன்று நிமிஷத்தில் பத்து விஷயத்தைச் சொல்லி அனுப்புவது அநியாயம். இதற்காக எங்கு வேண்டுமானாலும் போய்ச் சண்டை போடுவேன். என் பொய்யை அந்தச் சண்டைக்குள் ஒளித்துவைத்தேன் என்பது தனி. நீயும் ஒன்றை விட வேண்டும். வெளிநாட்டில் ஒரே ஊசியாம், கோடிக்கணக்கில் விலையாம், நன்கொடை திரட்டலாம் என்று போனில் வருகிற வீடியோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். நானும் அதைத் தேடிப் படித்தேன். அது எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது, குணப்படுத்திவிடும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை, அதைப் போடுகிற பிள்ளைகளுக்கும் இந்த ஸ்டீராய்டைச் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். ஊசி வந்தால் வரட்டும். அது வரும்வரை அவன் கால் அவனைத் தாங்க வேண்டும்.

கஷ்டமாக இருக்கும், அதையும் சொல்கிறேன். பசிப்பான். கொழுப்பான். கத்துவான். உயரம் மட்டுப்படும், எலும்பு மெலியும், கண்ணில் புரை வரலாம். அதற்கெல்லாம் பரிசோதனை இருக்கிறது, டாக்டரம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேள். தொடங்கும் முன் போட வேண்டிய தடுப்பூசி ஏதும் பாக்கி இருக்கிறதா என்று கேள். காய்ச்சல், வாந்தி, ஆபரேஷன் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் எழுதித் தரச் சொல். தராமல் எழுந்திருக்காதே. அந்தத் தாளை அவன் பள்ளிக்கூடப் பையில் ஒன்று, உன் பர்ஸில் ஒன்று, மாப்பிள்ளையிடம் ஒன்று வை. கல்யாணம், காதுகுத்து, போட்டோ, விரதம், கோயில் வேண்டுதல், எவன் வந்து என்ன காரணம் சொன்னாலும் ஒரு நாள்கூட நீயாக நிறுத்தாதே. நானே வந்து சொன்னாலும் கேட்காதே. இனியன் கண்ணாடியைப் பார்த்து அழுதால், அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, இந்த மாத்திரை ஏன் என்று அவனுக்குப் புரிகிற மாதிரி சொல். பிள்ளை கேட்டால் பதில் சொல்லிவிடு. அதட்டி அனுப்பாதே.

வியாழக்கிழமை காலையில் நான் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவேன். உன் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டாம். குடும்பத்தில் யாருக்கு இருந்தது, என்ன மருந்து கொடுத்தார்கள், எப்படி முடிந்தது என்று டாக்டரம்மா கேட்பார். அதற்கு நீ பதில் சொல்லாதே. உனக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொல்லிக்கொடுத்த பொய். உன் அம்மாவும் இருக்கட்டும், மாப்பிள்ளையும் இருக்கட்டும். அவர்கள் முன்னால் நான் சொல்கிறேன். என் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள், அது கோபமாக இருக்காது.

அதற்குப் பிறகு நீ என்னோடு பேசாமல் இருக்கலாம். தம்பியை என்ன செய்தீர்கள் என்று நடுத்தெருவில் நிறுத்திக் கேட்கலாம். கேட்க வேண்டும். எனக்கு அறுபத்தெட்டு வயது ஆகிறது, உடம்பு திடமாகத்தான் இருக்கிறது, நீ எத்தனை வருஷம் திட்டினாலும் நின்று கேட்பேன். அதையெல்லாம் பிறகு வைத்துக்கொள். முதலில் போய் மாத்திரையைத் தொடங்கு. இனியன் இன்று நடக்கிறான்.

அப்பா